கெஉஸன: எழுத்தில் இல்லாத ஒரு வினைச்சொல்லின் பூர்வீகம்

கேள்வி இதுதான்: "ஆதி ஜெர்மானிய மொழியில் ‘தேர்ந்தெடு’ என்ற பொருளில் கெஉஸன என்றொரு வினைச்சொல் இருந்ததாக அகராதிகள் நட்சத்திரக்குறி போட்டுக் காட்டுகின்றன. அது எங்கிருந்து வந்தது? எப்படியெல்லாம் திரிந்தது? ஒரு கல்வெட்டில்கூட இல்லாத மொழிக்கு ஒருமை, பன்மை, இறந்தகாலம் வரைக்கும் எப்படி எழுதிவிடுகிறார்கள்?"

கடைசிக் கேள்வியில் கொஞ்சம் சந்தேகம் தொனிக்கிறது. நியாயமான சந்தேகம்தான். ஆனால் இந்த வினைச்சொல்லை நீங்கள் தேர்ந்தெடுத்தது நல்லதாகப் போயிற்று. பிள்ளை மொழிகளை ஒப்பிட்டுத் தாய்மொழியின் வடிவத்தை மீட்டெடுக்கும் மறுகட்டமைப்பு வெறும் ஊகம் இல்லை என்பதைக் காட்ட இதைவிடத் தோதான சொல் அதிகம் கிடையாது. இதன் ஒழுங்கான வடிவங்களை விட ஒழுங்கு தப்பிய வடிவங்கள்தான் இதற்குப் பலமான சாட்சி. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எழுத்துச் சிக்கல். தமிழில் ககரம் ஒன்றுதான். ‘கண்’ என்பதில் வல்லொலியாகவும் ‘தங்கம்’ என்பதில் ஒலிப்போடும் (குரல்நாண் அதிர) அதையே உச்சரிக்கிறோம். இந்தப் பதிலில் வேறு குறிப்பு இல்லாவிட்டால் சொல்லின் முதலில் வரும் ககரத்தைக் ‘கண்’ போலவே படியுங்கள். ‘ஃஸ’ என்று எழுதும் இடமெல்லாம் ஆங்கில இசட் எழுத்தின் ஒலி. கெஉஸன என்பதன் கடைசி அகரம் மூக்கொலி கலந்தது. நட்சத்திரக்குறியை ஒவ்வொரு முறையும் போடப்போவதில்லை. ஆதி ஜெர்மானியம், அதற்கும் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீனுக்கும் பொது மூதாதையான ஆதி இந்தோ-ஐரோப்பியம் என்று சொல்லும் வடிவங்கள் எல்லாமே மறுகட்டமைத்தவை.

ஆதி ஜெர்மானியம் பேசப்பட்டது ஏறக்குறைய கி.மு. 500க்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடையில், இன்றைய டென்மார்க், தென் ஸ்வீடன், வட ஜெர்மனிப் பகுதிகளில். அதன் பிள்ளைகள் பல. நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். (காத்திக் என்பது காத் இனத்தார் பேசி, இன்று மறைந்துபோன மொழி. நோர்ஸ் என்பது பழைய ஸ்காண்டிநேவியர் பேச்சு.) ஒவ்வொன்றிலும் நான்கு வடிவங்கள் தருகிறேன்: ‘தேர்ந்தெடுக்க’, ‘தேர்ந்தெடுத்தான்’, ‘தேர்ந்தெடுத்தார்கள்’, ‘தேர்ந்தெடுக்கப்பட்ட’.

காத்திக்: கியுஸன், கௌஸ், குஸுன், குஸன்ஸ்
பழைய ஆங்கிலம்: சேஓஸன், சேஆஸ், குரொன், கொரென்
பழைய உயர் ஜெர்மன்: கியொஸன், கோஸ், குருன், கிகொரன்
பழைய நோர்ஸ்: க்யோஸ, கௌஸ், குரு, கொரின்

(பழைய ஆங்கிலச் சகரத்தை ‘அச்சு’ என்பதில் வருவது போலப் படிக்கவும்.)

இந்த நான்கு வரிசைகளில் கண்ணை உறுத்துவது எது? முதல் இரண்டு வடிவங்களில் ஸகரம் இருக்கிறது. அடுத்த இரண்டில், காத்திக்கைத் தவிர மற்ற மூன்றிலும், அது ரகரமாகிவிட்டது. ‘தேர்ந்தெடுத்தான்’ என்பதற்கு ஸ், ‘தேர்ந்தெடுத்தார்கள்’ என்பதற்கு ர். ஒரே காலம், ஒரே வினை, ஒருமை பன்மை மட்டும்தான் வேறுபாடு. எந்தத் தர்க்கமும் இல்லாத மாற்றம்போலத் தெரிகிறது. பிரிட்டன், பவேரியா, ஐஸ்லாந்து என்று வெகுதூரம் விலகி வாழ்ந்தவர்கள் தனித்தனியே இதே கோணலை அதே இடத்தில் கண்டுபிடித்திருக்க முடியாது. பிரிவதற்கு முன்னாலேயே இது இருந்திருக்க வேண்டும்.

ஒரே கவிதையில் இரண்டையும் பார்க்கலாம். பழைய ஆங்கிலக் காப்பியமான பேவுல்ஃபில், ஒரு மன்னன் மனித இன்பத்தைத் துறந்து ‘கடவுளின் ஒளியைத் தேர்ந்தெடுத்தான்’ என்று அவன் மரணத்தைச் சொல்லும் வரியில் வருவது ‘யெசேஆஸ்’, ஸகரத்தோடு. சில நூறு வரி தள்ளி, கதாநாயகன் ‘சிதையைத் தேர்வதற்கு முன்’ சொன்ன கடைசி வார்த்தை என்ற இடத்தில் ‘குரெ’, ரகரத்தோடு. இரண்டும் ஒருமைதான். ஆனால் இரண்டாவது, நடக்கப்போவதைச் சொல்லும் விழைவு வடிவம். அது ஏன் பன்மையோடு சேர்ந்துகொண்டு ரகரம் பெற்றது என்பதற்கும் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

ஸ், ர் இரண்டுக்கும் பொதுவான நடுவொலி ஃஸ். ஒலிப்பில்லாத ஸ் ஒலிப்புப் பெற்றால் ஃஸ், அது நாவின் பிடி தளர்ந்தால் ர். லத்தீனிலும் இது நடந்திருக்கிறது: ‘பூ’ என்பதற்கு ஃப்லோஸ், ‘பூவின்’ என்பதற்கு ஃப்லோரிஸ். எனவே ஆதி ஜெர்மானியத்தில் இறந்தகாலப் பன்மை குஃஸுன், இறந்தகால எச்சம் குஃஸனஃஸ். மேற்கிலும் வடக்கிலும் ஃஸ் ரகரமானது. காத்திக் மட்டும் எல்லா இடத்திலும் ஸகரத்தையே பரப்பிச் சமன் செய்துகொண்டது.

அந்த ஃஸ் வெறும் கற்பனையா? இல்லை. டென்மார்க்கின் காலெஹுஸ் என்ற ஊரில் 1734இல் கிடைத்த தங்கக் கொம்பு ஒன்றில் கி.பி. 400 வாக்கில் ஜெர்மானியரின் பழைய ரூன் எழுத்தில் ஒரு வரி பொறித்திருந்தது. ‘விருந்தாளி’ என்ற சொல் அதில் ‘கஸ்திஃஸ்’ என்று, ஃஸ் ஒலிக்கான தனி எழுத்தோடு இருக்கிறது. (அந்தக் கொம்பை 1802இல் ஒரு பொற்கொல்லர் திருடி உருக்கிவிட்டார். முன்பே வரைந்து வைத்திருந்த படங்களால்தான் வாசகம் பிழைத்தது.) பின்லாந்து மொழி ஜெர்மானியரிடம் வாங்கிய ‘குனிங்கஸ்’, அரசன், என்ற சொல்லும் கடைசி எழுத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறது. ஆதி ஜெர்மானிய வடிவம் குனிங்கஃஸ். கடன் வாங்கியவர் திருப்பித் தராததால் தப்பிப் பிழைத்த சொத்து.

சரி, இப்போது பூர்வீகத்துக்கு வருவோம்.

இந்த வினையின் வேர் ஆதி இந்தோ-ஐரோப்பியத்தில் ‘சுவை பார், சுவைத்து மகிழ்’ என்ற பொருள் கொண்டது. அதைத் தமிழ் எழுத்தில் எழுதினாலும் கெஉஸ் என்றுதான் வரும். ஆனால் முதல் ஒலி ‘தங்கம்’ என்பதன் ககரம், அதுவும் நாக்கை அண்ணத்தின் பக்கம் சற்று முன்னே தள்ளிச் சொல்வது. அந்த ஒலி ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு விதமாகப் போயிற்று. கிரேக்கத்திலும் லத்தீனிலும் ஒலிப்புள்ள ககரமாக நின்றது: கிரேக்க கெஉஓமாய், ‘சுவைக்கிறேன்’; லத்தீன் குஸ்துஸ், ‘சுவை’. சமஸ்கிருதத்தில் ஜகரமானது: ஜுஷ் என்ற தாது, ‘விரும்பி ஏற்றுக்கொள், மகிழ்’. ரிக் வேதத்தில் தேவர்களைப் பார்த்து இந்த அவியை, இந்தப் பாட்டை ஏற்று மகிழ் என்று வேண்டும் இடங்களில் ‘ஜுஷஸ்வ’ அடிக்கடி வரும். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கிருஷ்ணன் அர்ஜுனனைக் கடிந்துகொள்ளும் ‘அனார்யஜுஷ்டம்’ என்ற சொல்லிலும் இருப்பது இதுதான்: மேலோர் அல்லாதார் விரும்புவது.

பழைய பாரசீகத்தில் அதே முதலொலி தகரமானது. ஈரானின் நக்ஷ்-எ-ருஸ்தமில் பேரரசன் முதலாம் தாரியஸின் கல்லறைக் கல்வெட்டில் ‘நான் நேர்மைக்கு நண்பன்’ என்று அவன் சொல்லும் இடத்தில் ‘தவுஷ்தா’ என்று வருகிறது. அது தேய்ந்து பாரசீகத்தில் ‘தோஸ்த்’ ஆயிற்று. ஆமாம், உருது வழியாகச் சென்னைப் பேச்சுவரை வந்து சேர்ந்த அதே தோஸ்து. ஆங்கிலத்துச் ‘சூஸ்’ என்ற வினையும் நம் தோஸ்தும் ஒரே வேர். ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கண்டுபிடிப்பது இந்தத் துறையில் வேலைக்காகாது என்பதற்கு இது ஒரு உதாரணம். மாற்றம் ஒழுங்காக, எல்லாச் சொல்லிலும் ஒரேபோல நடந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஜெர்மானியத்தில் அந்த ஒழுங்கைச் சொன்னவர்கள் டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க்கும் (1818), அதை விரிவாக விதியாக்கிய யாகோப் கிரிம்மும் (1822). தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான். ஒலிப்புள்ள பழைய ககரம் ஜெர்மானியத்தில் ஒலிப்பை இழந்து வல்லொலியாகும் என்பது அதில் ஒரு பகுதி. முழங்காலுக்குச் சமஸ்கிருதத்தில் ஜானு, லத்தீனில் ஒலிப்புள்ள ககரத்தோடு கெனு, காத்திக்கில் ‘கண்’ ககரத்தோடு க்னியு. அதே கணக்குத்தான் இங்கும். லத்தீன் குஸ்துஸ் என்பதற்கு நேர் இணையாகக் காத்திக்கில் ‘சோதனை’ என்ற பொருளில் ஒரு பெயர்ச்சொல் உண்டு. அதுவும் குஸ்துஸ்! தமிழில் எழுதினால் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. வேறுபாடு முதல் ககரத்தின் ஒலிப்பில் மட்டும். கிரிம் விதியைத் தமிழ் எழுத்து மறைத்துவிடுகிறது.

பொருள் மாறிய வழியும் தெளிவாகவே இருக்கிறது. சுவைத்துப் பார்ப்பது, பார்த்து எடைபோடுவது, எடைபோட்டுத் தேர்வது. காத்திக் நடுப்படியில் நிற்கிறது. அதில் கியுஸன் என்றால் ‘சோதித்துப் பார்’. நான்காம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா மொழிபெயர்த்த விவிலியத்தில், அவனவன் தன் செயலைச் சோதித்துப் பார்க்கட்டும் என்ற கலாத்தியர் வசனத்தில் ‘கியுஸை’ என்று வருகிறது. முன்னொட்டுச் சேர்த்து உஸ்கியுஸன் என்றால் ‘சோதித்து ஒதுக்கு, நிராகரி’. மேற்கிலும் வடக்கிலும்தான் ‘தேர்ந்தெடு’ என்பது முதன்மைப் பொருளாயிற்று. ஃபின்னிய மொழியின் ‘கியுஸதா’, சீண்டு, சோதனைக்குள்ளாக்கு, என்பதும் ஜெர்மானியக் கடன் என்றே கருதப்படுகிறது. ஃபின்னியக் கிறிஸ்தவர்கள் ‘எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும்’ என்று ஜெபிக்கும்போது அந்தச் சோதனை ‘கியுஸௌஸ்’.

இனி வினைத்திரிபு. ஜெர்மானிய வினைகள் இரண்டு பெரும் வகை. இறந்தகாலத்துக்குத் தகர விகுதி சேர்ப்பவை ‘மெல்வினை’. விகுதி இல்லாமல் வேரின் உயிரெழுத்தையே மாற்றிக்கொள்பவை ‘வல்வினை’. கெஉஸன வல்வினைகளில் இரண்டாம் வகுப்பு. உயிர் மாற்றத்தால் இலக்கணம் செய்வது நமக்குப் புதிதில்லை. கெடு, கேடு, சுடு, சூடு என்று முதனிலை திரிந்த தொழிற்பெயர் நம்மிடமும் உண்டு. நம்மில் நீளம் மாறுகிறது, அங்கே உயிரே மாறுகிறது. நிகழ்காலத்தில் எஉ, இறந்தகால ஒருமையில் அஉ, இறந்தகாலப் பன்மையிலும் எச்சத்திலும் வெறும் உ. கெஉஸ், கௌஸ், குஃஸ்.

இந்த மூன்று படிகளும் ஜெர்மானியர் கண்டுபிடித்தவை அல்ல. ஆதி இந்தோ-ஐரோப்பியத்தில் எஉ, ஒஉ, உ என்று இருந்தவை. ஒகரம் ஜெர்மானியத்தில் அகரமானதால் ஒஉ அஉவாயிற்று, அவ்வளவே. சமஸ்கிருதத்திலும் இது உண்டு. புத்தன், போதனை, யுக்தி, யோகம். ஆனால் சமஸ்கிருதம் எ, ஒ இரண்டையும் அகரமாக்கிக் கலந்துவிட்டதால் எஉ, ஒஉ இரண்டுமே அங்கே ஓகாரமாகிவிட்டன. நிகழ்கால ஜோஷதியிலும், செயல் முடிந்ததைச் சொல்லும் முற்றுநிலை ஜுஜோஷவிலும் ஒரே ஓகாரம். கெஉ வேறு, கௌ வேறு என்று பிரித்துக் காட்டுவது ஜெர்மானியம்தான். சமஸ்கிருதம்தான் எல்லாவற்றிலும் பழையது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம்.

ஜெர்மானிய இறந்தகாலம் உண்மையில் பழைய முற்றுநிலை. சமஸ்கிருதத்தில் அது முதலசை இரட்டித்து வரும்: ஜுஜோஷ. ஜெர்மானியம் பெரும்பாலான வினைகளில் அந்த இரட்டிப்பை உதிர்த்துவிட்டது. (முழுக்க இல்லை. காத்திக்கில் ‘அழை’ என்ற ஹைதன் இறந்தகாலத்தில் ஹெஹைத் என்று இரட்டிக்கிறது.) இதில் சமஸ்கிருதம் ஒரு முக்கியமான தகவலைத் தருகிறது. வேத மொழியில் முற்றுநிலை ஒருமையில் அழுத்தம் வேரின் மேல்: ஜுஜோஷ என்பதில் ஜோ மேல். பன்மையில் அழுத்தம் விகுதிக்குத் தாவிவிடும்: ஜுஜுஷுஃ என்பதில் ஷு மேல். இப்போது மேலே கொடுத்த ஸ், ர் வரிசையைத் திரும்பப் பாருங்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் கார்ல் வெர்னர். டென்மார்க்காரர், அப்போது முப்பதை எட்டவில்லை. கிரிம்மின் விதிக்குக் கட்டுப்படாத சொற்கள் ஏராளமாக இருந்தன. சமஸ்கிருத ப்ராதர், பிதர் இரண்டிலும் நடுவில் ஒரே தகரம்தான். ஆனால் காத்திக்கில் சகோதரனுக்கு உரசொலித் (காற்று உரசிக்கொண்டு வரும்) தகரம், தந்தைக்கு ஒலிப்புள்ள தகரம். வெர்னர் மதியத் தூக்கத்துக்கு முன் தூக்கம் வரட்டும் என்று ஒப்பிலக்கணப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார், அதில் ப்ராதர் என்பதில் அழுத்தம் முதலசையிலும் பிதர் என்பதில் இரண்டாம் அசையிலும் குறித்திருந்ததைப் பார்த்துத் தூக்கம் போய்விட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். அவருடைய கட்டுரை 1877இல் அச்சில் வந்தது. விதி எளியது: உரசொலிக்கு உடனே முந்தைய அசையில் அழுத்தம் இருந்தால் அது அப்படியே நிற்கும். இல்லையென்றால் ஒலிப்புப் பெறும், ஸ் ஃஸ் ஆகும்.

கௌஸ்: அழுத்தம் வேரில், ஸ் நின்றது. குஃஸுன்: அழுத்தம் விகுதியில், ஸ் ஃஸ் ஆனது. எச்சத்தின் பழைய விகுதியும் அழுத்தம் ஏற்றது, அதனால் குஃஸனஃஸ். இறந்தகால விழைவு வடிவத்திலும் அழுத்தம் வேருக்குப் பின்னால்தான். அதனால்தான் பேவுல்ஃபில் ‘குரெ’. பிறகு ஜெர்மானியம் அழுத்தத்தை எல்லாச் சொல்லிலும் முதலசைக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. காரணம் போய்விட்டது, விளைவு மட்டும் நின்றது. கேட்கிறவர்களுக்கு அது காரணமில்லாத கோணலாகத் தெரிந்தது. ரிக் வேதக்காரர்கள் ஓதிக் காப்பாற்றிய சுரக்குறிப்பு இல்லாமல் பழைய ஆங்கிலத்தின் ரகரம் இன்றுவரை புதிராகவே இருந்திருக்கும்.

அட்டவணையைச் சுருக்கமாகத் தருகிறேன். நிகழ்காலம்: நான் கெஉஸோ, நீ கியுஸிஃஸி, அவன் கியுஸிதி, நாங்கள் கெஉஸமஃஸ், நீங்கள் கியுஸித், அவர்கள் கெஉஸந்தி. இதில் தகரங்களுக்கு ஒலிப்பு உண்டு. பவஸி, பவதி, பவந்தி என்று சமஸ்கிருதம் படித்தவர்களுக்கு இந்த விகுதிகள் பழகியவையாக இருக்கும். சில இடங்களில் கெஉ, சில இடங்களில் கியு என்று வருவது ஏன்? அடுத்த அசையில் இகரம் இருந்தால் அது முன்னால் உள்ள எகரத்தை இகரமாக இழுத்துக்கொள்ளும். ஐஸ்லாந்து மொழியில் இன்றும் ‘தேர்ந்தெடுக்க’ க்யோஸ, ‘தேர்ந்தெடுக்கிறான்’ கீஸ் என்று உயிர் மாறுவது ஒருமை வடிவங்களில் தொடர்ந்த இந்த மாதிரி இழுப்பின் மிச்சம்தான்.

‘அவன்’ வடிவத்தின் விகுதியில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் உரசொலித் தகரம் போடுவார்கள், சிலர் ஒலிப்புள்ள தகரம். பழைய உயர் ஜெர்மன் கியுஸித் இரண்டாவதற்குச் சாதகம். வெர்னர் விதிப்படி பார்த்தாலும், அழுத்தம் வேரில் இருக்கும்போது விகுதியின் தகரத்துக்கு முந்தைய அசை அழுத்தமற்றது, எனவே ஒலிப்புத்தான் வர வேண்டும். நானும் அந்தக் கட்சி. ‘நீ’ வடிவத்தின் ஃஸ் வந்ததும் அதே காரணத்தால்.

இறந்தகாலம்: நான் கௌஸ், நீ கௌஸ்த், அவன் கௌஸ், நாங்கள் குஃஸும், நீங்கள் குஃஸுத், அவர்கள் குஃஸுன். நானும் அவனும் ஒன்றாக இருப்பது கடைசி உயிர்கள் உதிர்ந்ததால். ‘நீ’ வடிவத்தில் ஒரு வேடிக்கை. காத்திக்கும் நோர்ஸும் கௌஸ்த் வகையை வைத்துக்கொண்டன. மேற்கு ஜெர்மானியத்தில் மட்டும் ‘நீ தேர்ந்தெடுத்தாய்’ பன்மை வேரிலிருந்து வருகிறது: பழைய ஆங்கிலம் குரெ, பழைய உயர் ஜெர்மன் குரி. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, எதுவும் எல்லாரையும் திருப்திப்படுத்தவில்லை.

ஏவல் ஒருமை வெறும் வேர்தான்: கெஉஸ். இருவரை மட்டும் குறிக்கும் இருமைக்கும் தனி விகுதிகள் இருந்தன. செயப்பாட்டுக்குக் கெஉஸதை என்ற வகை வடிவம் இருந்தது. காத்திக் மட்டுமே அந்த வகையை உயிரோடு வைத்திருந்தது. கிரேக்க கெஉஏதாய் இதற்கு நேர் இணை. எதிர்காலத்துக்குத் தனி வடிவமே கிடையாது. கெஉஸன என்ற அகராதி வடிவமும் பழைய தொழிற்பெயர்தான். போஜனம், கமனம், வசனம் என்று நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட சொற்களின் ‘அனம்’ விகுதிக்கு உறவானது அந்த ‘அன’.

அப்புறம் இந்த வினை பிள்ளைகளிடம் என்ன பாடு பட்டது என்பது தனிக்கதை. கெஉஸனவோடு எதுகை போடும் இரண்டு வினைகள் இருந்தன: ஃப்ரெஉஸன, ‘உறை’, லெஉஸன, ‘இழ’. மூன்றும் ஒரே வாய்ப்பாடு. ஸ், ர் கலப்பு எல்லாருக்கும் தொந்தரவாக இருந்தது. ஆங்கிலம் ஸகரப் பக்கம் சாய்ந்தது: சூஸ், சோஸ், சோஸன்; ஃப்ரீஸ், ஃப்ரோஸ், ஃப்ரோஸன். எழுத்தில் ஸ், இசட் என்று எப்படி இருந்தாலும் உச்சரிப்பில் எல்லாம் ஃஸ். ஜெர்மன் ரகரப் பக்கம் சாய்ந்தது: ஃப்ரீரன், ஃபெர்லீரன். டச்சு இரண்டு பக்கமும் போகாமல் நின்றுவிட்டது: ஃப்ரீஸன், ஃப்ரோர், கஃப்ரோரன் என்று உறைவதற்கும், அதே பாணியில் இழப்பதற்கும் பழைய கலப்பு அப்படியே இருக்கிறது. நம் வினை மட்டும் அங்கேயும் கீஸன், கோஸ், ககோஸன் என்று சமனாகிவிட்டது. ஆனாலும் ‘தெரிந்தெடுக்கப்பட்டவர்’ என்ற பக்திச் சொல்லில் ‘அய்த்ஃபெர்கோரன்’ என்று ரகரம் பிழைத்திருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் நிலைமை இன்னும் மோசம். எகரத்துக்கு முன்னால் ககரம் சகரமாகிவிட்டது, உகரத்துக்கு முன்னால் ஆகவில்லை. அதனால் சேஓஸன், குரொன் என்று தலையும் மாறி வாலும் மாறி ஒரே வினை என்றே சொல்ல முடியாதபடி ஆயிற்று. ஆங்கிலேயர்கள் எதையும் திருத்தாமல் விட்டிருந்தால் எச்சம் இன்று ‘கோர்ன்’ என்று ஒலித்திருக்கும். லெஉஸன வழிவந்த ‘ஃபர்லோர்ன்’, கைவிடப்பட்ட, அப்படித்தான் தப்பி நிற்கிறது. பெயரெச்சமாகத் தனியே போய்விட்ட சொல்லைத் திருத்தும் கை எட்டவில்லை. நிகழ்காலத்திலும் ஒரு விபத்து. ஃப்ரேஓஸன் ஃப்ரீஸ் ஆனதுபோல் சேஓஸன் ‘சீஸ்’ ஆகியிருக்க வேண்டும், பாலாடைக்கட்டியோடு குழம்பும்படி. ஈருயிரின் அழுத்தம் பின்பக்கம் சாய்ந்ததால் சூஸ் ஆனது. எழுத்துமுறை நெடுங்காலம் ஊசலாடியது. 1787இல் எழுதிய அமெரிக்க அரசமைப்பில், பிரதிநிதிகள் சபை தன் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கும் என்ற இடத்தில் இரட்டை ஓ இல்லாமல் யு எழுத்தோடுதான் இந்த வினை இருக்கிறது.

ஆங்கிலத்தில் ஸ், ர் கலப்பு இன்றும் முழு உயிரோடு இருப்பது ஒரே வினையில்: ‘இரு’ வினையின் வாஸ், வேர். ஒருமைக்கு ஸ், பன்மைக்கு ர். பள்ளியில் பாராமல் மனப்பாடம் செய்த அந்த ஜோடிக்குப் பின்னால் இருப்பது இதே அழுத்தத் தாவல்தான். அங்கே வேர் வெஸன, ‘தங்கியிரு’.

கெஉஸனவுக்கு ஒரு பிறவினையும் இருந்தது. கௌஸியன, ‘சுவைக்கச் செய், சோதித்துப் பார்’. வேர் ஒஉ படியில், பின்னால் பிறவினை விகுதி. சமஸ்கிருதத்தில் இதற்கு எழுத்துக்கு எழுத்து இணை ஜோஷயதி. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் ‘ஜோஷயேத் ஸர்வகர்மாணி’ என்று வருவது இதுதான்: கற்றவன் மற்றவர்களை எல்லாச் செயல்களிலும் விருப்பத்தோடு ஈடுபடச் செய்யட்டும். காத்திக்கில் இது கௌஸ்யன். லூக்கா நற்செய்தியில் ஐந்து ஏர் மாடு வாங்கியவன் அவற்றைச் சோதித்துப் பார்க்கப் போகிறேன் என்று விருந்துக்கு வராமல் சாக்குச் சொல்லும் இடத்தில் இந்த வினை. மாற்கு நற்செய்தியில் ‘மரணத்தை ருசிபார்ப்பதில்லை’ என்ற இடத்திலும் இதே வினை, ‘கௌஸ்யந்த்’. அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பது கெஉஓமாய் வினை. வுல்ஃபிலா கிரேக்கச் சொல்லுக்குத் தன் மொழியில் பொருத்தமான சொல் தேடினார், கிடைத்தது அதன் ஒன்றுவிட்ட தம்பி. அவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

இந்தப் பிறவினை வெளியே போய் ஜெயித்தது. ஜெர்மானியக் கூட்டங்கள் ‘கால்’ என்று அழைக்கப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதிக்குள் வந்தபோது அங்கத்திய லத்தீன் பேச்சு இதை வாங்கிக்கொண்டது. பழைய பிரெஞ்சில் ஷுவாஸிர் முதலில் ‘கண்டுகொள்’, பிறகு ‘தேர்ந்தெடு’. அதன் பெயர்ச்சொல் 1066க்குப் பிறகு நார்மன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘சாய்ஸ்’ ஆயிற்று. ஆக ஆங்கிலத்தில் சூஸ் பிறந்த வீட்டுப் பிள்ளை, சாய்ஸ் பிரான்ஸ் போய்த் திரும்பியது. லத்தீன் வழியே வந்த ‘டிஸ்கஸ்ட்’, அருவருப்பு, என்பதையும் சேர்த்தால் ஒரே வேரிலிருந்து மூன்று வழி. கிழக்கே ஸ்லாவியரும் கௌஸ்யனை வாங்கிக்கொண்டார்கள் என்பது பெரும்பாலோர் கருத்து. ரஷ்ய மொழியில் கலையைக் குறிக்கும் ‘இஸ்குஸ்த்வா’ அதன் வழி வந்தது. சோதித்துத் தேர்ந்த திறமை என்ற பொருளிலிருந்து.

ஃஸ் படி வேரிலிருந்து வந்த பெயர்ச்சொல் குஃஸிஃஸ், ‘தேர்வு’. பழைய ஆங்கிலத்தில் கிரெ, ஜெர்மனில் க்யூர். புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றவர்களுக்குக் குர்ஃப்யூர்ஸ்த் என்று பெயர். 1356இல் நான்காம் சார்லஸ் வெளியிட்ட தங்க முத்திரைச் சாசனம் அவர்களை ஏழு பேர் என்று நிலைநிறுத்தியது: மைன்ட்ஸ், கொலோன், ட்ரியர் பேராயர்கள் மூவர்; பொஹீமிய அரசர், ரைன் பலாட்டின் பிரபு, சாக்ஸனி, பிராண்டன்பர்க் ஆட்சியாளர்கள் நால்வர். நோர்ஸ் புராணத்தில் போர்க்களத்தில் விழவேண்டியவர்களைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள் வல்க்கிர்யாக்கள். ‘வல்’ என்றால் களத்தில் வீழ்ந்தோர், ‘கிர்யா’ தேர்பவள். அந்த ரகரமும் வெர்னரின் ரகரமே. அதே ஐஸ்லாந்தில் இன்று பொதுத் தேர்தலுக்கு ‘கோஸ்னிங்கார்’ என்று ஸகரத்தோடு சொல்கிறார்கள், எச்சத்தில் ஸ் பிறகு திரும்பி வந்ததால்.

ஜெர்மன் அகராதி புரட்டும்போது ஒரு எச்சரிக்கை. அங்கே ‘கூர்’ என்று இரண்டு சொல் உண்டு. குர்ஃப்யூர்ஸ்தில் இருப்பது நம்முடையது. வெந்நீர் ஊற்று ஊர்களுக்கு உடம்பைத் தேற்றிக்கொள்ளப் போவதைச் சொல்லும் கூர், ‘கவனிப்பு’ என்று பொருள்படும் லத்தீன் கூராவிலிருந்து வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.